ஜூடோ சுசீலாவும் நம்ம குழுக் கடனும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது. மலருக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னதால், பேசினபடியே முடிந்தவரை எழுதியிருக்கிறேன்.)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும் படிச்சவள். எங்க குழுவில் ஏழு வருஷமா நோட்டு எழுதறேன், அவ்வளவுதான். "சாதிச்ச பெண் ஒருத்தரைப் பற்றி பேசு"ன்னு தலைவி அம்மா சொன்னாங்க. போன வருஷம் இதே மேடையில் மூணு பேர் கல்பனா சாவ்லாவைப் பற்றியே பேசினோம், ஞாபகம் இருக்கும். அதனால் இந்த வருஷம் உங்களில் நிறைய பேர் கேள்விப்படாத ஒருத்தரைப் பற்றி பேசலாம்னு வந்திருக்கேன். அவங்க பேரு சுசீலா தேவி லிக்மாபாம். மணிப்பூர்க்காரங்க. ஜூடோ விளையாடறவங்க. ஏன் இவங்களைப் பிடிச்சுக்கிட்டேன் என்பதைக் கடைசியில் சொல்றேன். அதில் எங்க குழு செய்த தப்பு ஒண்ணு இருக்கு. என் பங்கும் இருக்கு.

முதல்ல ஜூடோன்னா என்னன்னு சொல்லணும். எனக்கே என் பொண்ணு சொல்லித்தான் தெரியும். அவள் எட்டாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்குத் தற்காப்புப் பயிற்சி சில மாசம் நடந்தது. ஒரு நாள் சாயந்தரம் நான் பாவு சுத்திக்கிட்டு இருக்கேன், உள்ளே தொப்பு தொப்புன்னு சத்தம். போய்ப் பார்த்தால் பாயை விரிச்சு, அது மேல ரெண்டு போர்வையைப் போட்டு, நின்ன இடத்தில் இருந்து மல்லாக்க விழறாள். எழுந்திரிக்கிறாள், மறுபடி விழறாள். எங்க மாமியார் வாசப்படியில் நின்னுக்கிட்டு, "ஆடபிள்ளக்கி எந்துக்கு இவன்னி"ன்னு தலையில் அடிச்சுக்கறாங்க. (எங்க வீட்டில் தெலுங்குதான். உங்களில் பாதி பேர் வீட்டிலும் அப்படித்தான்.) "என்னடி இது"ன்னு கேட்டா, "விழக் கத்துக்கறேன்மா. முதல் பாடமே இதுதான்"கிறாள்.

விழும்போது தாடையை நெஞ்சோட ஒட்டி வைக்கணும், அப்போ பின்மண்டை தரையில் படாது. கையை நீட்டி உள்ளங்கையால் பாயை ஓங்கி அறையணும், அடி கைக்குப் போயிடும், முதுகெலும்புக்குப் போகாது. இதைச் சரியா கத்துக்கிட்ட பிறகுதான் அடுத்தவரைத் தூக்கிப் போடச் சொல்லித் தருவாங்களாம். கேட்டதும் எனக்குத் தோணினது, இதை எனக்கு யாராவது சின்ன வயசில் சொல்லிக் கொடுத்திருந்தா கிணத்தடியில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒரு மாசம் போயிருக்காதே!

ஜூடோவில் குத்து கிடையாது, உதை கிடையாது. எதிராளியோட சட்டைக் காலரையும் கையையும் பிடிச்சு, அவங்க பலத்தையே திருப்பி அவங்களைக் கீழே போடணும். முதுகு முழுக்கப் பாயில் படற மாதிரி, வேகத்தோட சுத்தமா போட்டுட்டா அதுக்குப் பேரு இப்போன். அதோட ஆட்டம் முடிஞ்சது. அரைகுறையா விழுந்தா வாசா-ஆரி, அது ரெண்டு சேர்ந்தா ஒரு இப்போன். போட்டு இருபது வினாடி எழவிடாம அமுக்கிப் பிடிச்சாலும் இப்போன்தான். மொத்தம் நாலு நிமிஷம். அதுக்குள்ள முடிவு தெரியலைன்னா யாராவது ஒருத்தர் புள்ளி எடுக்கிற வரைக்கும் ஆட்டம் நீளும். ஜப்பானில் ஜிகோரோ கானோ என்கிறவர் 1882இல் தொடங்கின கலை இது. ஆம்பளைங்களுக்கு 1964லேயே ஒலிம்பிக்கில் இடம் கிடைச்சுது. பெண்களுக்கு முறையா பதக்கம் வைச்சது 1992இல்தான், பார்சிலோனாவில். அந்த இடைவெளியில் ஒரு அம்மா செய்த வேலை இருக்கு, பின்னாடி சொல்றேன்.

சுசீலா விளையாடறது 48 கிலோ எடைப் பிரிவில். ரேஷன் கடை அரிசி மூட்டை 50 கிலோ. அதை விட ரெண்டு கிலோ கம்மி. பார்த்தால் நம்ம வீட்டு காலேஜ் பொண்ணு மாதிரிதான் இருப்பாங்க.

அவங்க பிறந்தது 1995இல். மணிப்பூரில் இம்பால் பக்கத்தில் ஹெய்ங்காங் ஊரு. மணிப்பூர் பெண்களைப் பற்றி ஒண்ணு சொல்லியே ஆகணும். இம்பாலில் ஒரு பெரிய சந்தை இருக்கு, இமா கெய்தல்னு பேரு, அம்மாக்கள் சந்தைன்னு அர்த்தம். ஆயிரக்கணக்கான கடைங்க. அத்தனையிலும் வியாபாரம் பார்க்கிறது பெண்கள் மட்டும்தான். நம்ம திருத்தணி, சோளிங்கர் சந்தையில் பெண்கள் உட்கார்ந்திருப்போம், ஆனா குத்தகை யார் கையில இருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

சுசீலாவோட சித்தப்பா முறைக்காரர் ஒருத்தர் ஜூடோ வீரர். அவர்தான் ஏழெட்டு வயசிலேயே இவங்களைப் பயிற்சிக்குக் கூட்டிக்கிட்டுப் போனவர். அண்ணனும் ஜூடோ கத்துக்கிட்டவர். வீட்டில் ஒரு ஆள் முன்னாடி போயிருந்தா பெண் பிள்ளைக்கு வழி கொஞ்சம் லேசாகுது. யாரும் போகாத வீட்டில்தான் கஷ்டம்.

2014இல் ஸ்காட்லாந்து நாட்டு கிளாஸ்கோ நகரத்தில் காமன்வெல்த் போட்டி. சுசீலாவுக்கு 19 வயசு. இறுதிப் போட்டி வரைக்கும் போய், உள்ளூர்க்காரியான கிம்பர்லி ரெனிக்ஸ் கிட்ட தோத்து வெள்ளிப் பதக்கம் வாங்கினார். காமன்வெல்த் ஜூடோவில் இந்தியப் பெண் ஒருத்தர் வெள்ளி வாங்கினது அதுதான் முதல் தடவை. பேப்பரில் படம் வந்தது, பாராட்டு நடந்தது, மணிப்பூர் போலீசில் வேலையும் கிடைத்தது. இத்தோட கதை முடிஞ்சிருந்தா நானும் ரெண்டு நிமிஷத்தில் பேசிட்டு உட்கார்ந்திருப்பேன்.

அதுக்கப்புறம்தான் கஷ்ட காலம். 2018 காமன்வெல்த் போட்டி ஆஸ்திரேலியாவில் நடந்தது. அதில் ஜூடோவையே சேர்க்கலை. சரி, அதே வருஷம் ஆசியப் போட்டி இருக்கேன்னா, அதுக்கு முன்னாடி தொடைத் தசையில் காயம். போக முடியலை. காயம் பட்ட ஆட்டக்காரரைக் கூட இருக்கறவங்க எப்படி மறப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியும், பால் வத்தின மாட்டை மறக்கிற மாதிரிதான். ஒலிம்பிக் போகணும்னா வெளிநாட்டில் நடக்கிற போட்டிகளில் கலந்துக்கிட்டு புள்ளி சேர்க்கணும். புள்ளி இல்லைன்னா இடம் இல்லை. விமான டிக்கெட், தங்கற செலவு, சாப்பாடு, நுழைவுக் கட்டணம். உதவிக்கு ஆள் இல்லை. அப்போ என்ன செஞ்சாங்க தெரியுமா? தன் சம்பாத்தியத்தில் வாங்கி வைத்திருந்த காரை விற்றார். வித்த பணத்தில் போட்டிகளுக்குப் போனார். 2019இல் ஹாங்காங்கில் வெள்ளி வாங்கினார்.

இந்தக் கார் விஷயத்தை டிவியில் பெருமையாத்தான் சொன்னாங்க. "தியாகம்"னு போட்டாங்க. எனக்கு அது பெருமையா படலை. நாட்டுக்கு ஒரு தடவை பதக்கம் வாங்கிக் கொடுத்த பொண்ணு, மறுபடி ஆடறதுக்குத் தன் பொருளை விக்கணும்னா, அது அந்தப் பொண்ணோட பெருமை சரி, மத்தவங்களுக்கு என்ன பெருமை? நம்ம கழுத்துச் செயினை அடகு வைச்சு பிள்ளைக்கு பீஸ் கட்டறோம். அதையும் இப்படித்தான் "தாயின் தியாகம்"னு மேடையில் பேசுவாங்க. வட்டி கட்டறது நாம.

2021 ஏப்ரலில் கிர்கிஸ்தான் நாட்டில் நடந்த ஆசியப் போட்டிக்கு இந்தியக் குழு போச்சு. ஒலிம்பிக்குக்குக் கடைசி வாய்ப்பு மாதிரி. அங்கே போன இடத்தில் குழுவில் ரெண்டு பேருக்கு கொரோனா. மொத்தக் குழுவும் ஆடாமலே திரும்பி வர வேண்டியதாயிடுச்சு. ஆனா அதுவரைக்கும் சேர்த்து வைத்திருந்த புள்ளி கைகொடுத்தது. ஆசியாவுக்கு ஒதுக்கின இடத்தில் சுசீலாவுக்கு டோக்கியோ ஒலிம்பிக் சீட்டு கிடைச்சுது. இந்தியா முழுக்க ஜூடோவுக்குப் போன ஒரே ஆள் அவர்தான்.

2021 ஜூலை 24. இந்தத் தேதியைக் கொஞ்சம் மனசில் வைச்சுக்கங்க. அன்னைக்கு டோக்கியோவில் சுசீலாவுக்கு முதல் சுற்று. எதிரில் நின்னவர் ஹங்கேரி நாட்டு ஈவா செர்னோவிஸ்கி, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கின அனுபவசாலி. நாலு நிமிஷம் ஆகறதுக்கு முன்னாடியே சுசீலா தோத்துட்டார். அத்தனை வருஷம், அந்தக் கார், அந்தக் காயம், எல்லாம் அந்தச் சில நிமிஷத்துக்கு. அதே நாள், அதே டோக்கியோவில், அதே இம்பால் பக்கத்துப் பொண்ணு மீராபாய் சானு பளு தூக்கி வெள்ளிப் பதக்கம் வாங்கினார். நம்ம ஊரில்கூட எல்லார் போனிலும் மீராபாய் படம்தான். வாங்க வேண்டியதுதான், நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா அன்னைக்கு ராத்திரி அதே ஊர்க்கார இன்னொரு பொண்ணு எப்படித் தூங்கியிருக்கும்னு நான் நினைச்சுப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை 480 மார்க் வாங்கின அன்னைக்கு நம்ம பிள்ளை பெயில் ஆனா வீடு எப்படி இருக்கும்?

அடுத்த வருஷம், 2022 ஆகஸ்ட் 1. ஆடி மாசம், தறிக்கு வேலை கம்மி. இங்கிலாந்து பர்மிங்காமில் காமன்வெல்த். எட்டு வருஷம் கழிச்சு ஜூடோவை மறுபடி சேர்த்திருந்தாங்க. சுசீலா மலாவி நாட்டுப் பொண்ணை ஜெயிச்சு, மொரீஷியஸ் நாட்டுப் பொண்ணை ஜெயிச்சு இறுதிப் போட்டிக்குப் போனார். தென்னாப்பிரிக்காவோட மிகேலா வைட்பூயி எதிரில். நாலு நிமிஷம் முடிஞ்சும் முடிவு தெரியலை. ஆட்டம் நீண்டுச்சு. கொஞ்ச நேரத்தில் சுசீலா விழுந்தார். மறுபடியும் வெள்ளி.

மறுநாள் செய்தியில் அந்த ஆட்டத்தைக் காட்டினாங்க. என் பொண்ணு டிவி பக்கத்தில் போய் நின்னுக்கிட்டு, "அம்மா, விழும்போது கையைப் பாரு, அறையறாங்க பாரு"ன்னா. நான் பார்த்தது பதக்கத்தை. அவள் பார்த்தது கையை.

19 வயசில் வெள்ளி, 27 வயசில் வெள்ளி. நடுவில் காயம், கார் விற்பனை, ஒலிம்பிக்கில் முதல் சுற்றிலேயே தோல்வி. தங்கம் இல்லை. இந்தக் கணக்கை நம்ம குழுக் கூட்டத்தில் வைச்சா "லாபமா நஷ்டமா"ன்னு கேட்போம். அதே 2022 ஆகஸ்ட் மாசக் கடைசியில் லிந்தோய் சனம்பம்னு இன்னொரு மணிப்பூர்ப் பொண்ணு, பதினைஞ்சு பதினாறு வயசுதான், சரயேவோ நகரத்தில் சிறுவர் சிறுமியருக்கான உலகப் போட்டியில் தங்கம் வாங்கினாள். எந்த வயசுப் பிரிவிலும் சரி, உலக ஜூடோ போட்டியில் இந்தியாவுக்குக் கிடைச்ச முதல் பதக்கம் அது. இறுதிப் போட்டியில் அவள் ஜெயிச்சது பிரேசில் நாட்டுப் பொண்ணை. பிரேசில் ஜூடோவில் எவ்வளவு பெரிய நாடுன்னு தெரிஞ்சாத்தான் இதோட மதிப்பு புரியும்.

பிரேசிலில் ரஃபேலா சில்வான்னு ஒருத்தர். ரியோ நகரத்தில் சிடாடே டி டெயுஸ்னு ஒரு குடிசைப் பகுதி, கடவுளின் நகரம்னு பேரு, உள்ளே துப்பாக்கிச் சத்தம். தெருவில் சண்டை போட்டுக்கிட்டிருந்த பொண்ணை வீட்டில் ஜூடோவுக்கு அனுப்பினாங்க. ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமா சொல்லிக் கொடுக்கிற இடம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விதிக்கு மாறா எதிராளி காலைப் பிடிச்சாருன்னு வெளியே அனுப்பிட்டாங்க. அதுக்கு அவங்க நாட்டுக்காரங்களே அவர் கறுப்பு நிறத்தை வைச்சு குரங்குன்னு திட்டி எழுதினாங்க. ஜூடோவே வேணாம்னு உட்கார்ந்துட்டார். மனநல ஆலோசகர் ஒருத்தர் பேசிப் பேசி எழுப்பினார். அடுத்த வருஷமே உலக சாம்பியன், பிரேசில் பெண்களில் முதல் ஆள். 2016இல் தன் சொந்த ஊர் ரியோவிலேயே ஒலிம்பிக் தங்கம். அப்புறம் 2019இல் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிக்கிட்டு ரெண்டு வருஷம் தடை. தெரியாம உடம்பில் சேர்ந்திடுச்சுன்னு சொன்னார், ஆனா தடை தடைதான், டோக்கியோ போச்சு. அது இளைப்புக்குக் கொடுக்கிற மருந்து. (விளையாடற பிள்ளைக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு நாமளா மாத்திரை வாங்கிக் கொடுக்காதீங்க.) திரும்பி வந்து 2022இல் மறுபடி உலக சாம்பியன். 2024 பாரிஸில் தனியா ஆடினதில் பதக்கம் இல்லை, குழுப் போட்டியில் வெண்கலம். அங்கேயும் ஏறி இறங்கி, ஏறி இறங்கித்தான்.

இப்போ முன்னாடி சொன்ன அம்மா. அமெரிக்காவில் ரஸ்டி கனோகோகி. 1959இல் பெண்கள் ஆட முடியாத ஒரு ஜூடோ போட்டியில் ஆம்பளை மாதிரி முடி வெட்டிக்கிட்டு, மார்பைக் கட்டிக்கிட்டு இறங்கி ஜெயிச்சார். பெண்ணுன்னு தெரிஞ்சதும் பதக்கத்தைத் திருப்பி வாங்கிட்டாங்க. 1980இல் பெண்களுக்கான முதல் உலக ஜூடோ போட்டியை நியூயார்க்கில் நடத்தினது இவர்தான். அதுக்குப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? தன் வீட்டை அடமானம் வைச்சார். அந்தப் போட்டி நடந்ததால்தான் பின்னாடி ஒலிம்பிக் கதவு திறந்தது. பறிச்ச பதக்கத்தை 50 வருஷம் கழிச்சு 2009இல் திருப்பிக் கொடுத்தாங்க. அதே வருஷக் கடைசியில் அவர் இறந்தும் போனார்.

ஒருத்தர் வீட்டை வைச்சாங்க, ஒருத்தர் காரை வித்தாங்க. இப்போ நம்ம குழுவுக்கு வர்றேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்க குழுவில் ஒரு அக்கா உள்கடன் கேட்டாங்க. அவங்க பொண்ணு பள்ளிக்கூடத்து ஜூடோவில் மாவட்டத்தில் ஜெயிச்சு மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தது. அந்தக் கெட்டித் துணி வெள்ளை உடை, பஸ் செலவு, கையில் கொஞ்சம் சாப்பாட்டுக்கு, எல்லாம் சேர்த்து 7,000 ரூபாய். அன்னைக்கு கூட்டத்தில் 12 பேர். சேமிப்பில் பணம் இருந்தது. ஒருத்தர், "கை கால் உடைஞ்சா யார் கட்டிக்குவா"ன்னாங்க. இன்னொருத்தர், "ஆம்பளை மாஸ்டரோட வெளியூரா"ன்னாங்க. நான் நோட்டும் பேனாவுமா உட்கார்ந்திருந்தேன். நான் சொன்னது இதுதான்: "அக்கா, இது திரும்பி வர்ற கடன் இல்லையே."

கறவை மாட்டுக்கு 40,000 கொடுத்திருக்கோம். ஒரு மாடு கோமாரியில் செத்துப் போச்சு, வட்டியைத் தள்ளி வைச்சோம். நூல் வாங்கக் கொடுத்தோம், லுங்கி விலை இறங்கி ரெண்டு பேருக்கு நஷ்டம். காது குத்துக்குக் கடன் கொடுத்துட்டு நோட்டில் "சிறு தொழில்"னு எழுதினதும் உண்டு. எழுதினதே நான்தான். மேடம் மன்னிக்கணும். இதுக்கெல்லாம் "ஜெயிக்குமா"ன்னு நாங்க கேட்டதே இல்லை. அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் கேட்டோம்.

அது போகலை. மாஸ்டர் ரெண்டு தடவை வீட்டுக்கு வந்துட்டுப் போனார். இப்போ அந்தப் பொண்ணு விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறிப் போகுது. நல்லாத்தான் இருக்கு, சம்பளம் வாங்குது, அம்மா சந்தாவை அதுதான் கட்டுது. மாநிலப் போட்டிக்குப் போயிருந்தா ஜெயிச்சிருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். முதல் சுற்றிலேயே தோத்துக்கூட வந்திருக்கும், சுசீலா டோக்கியோவில் தோத்த மாதிரி. ஆனா போயிட்டு வந்திருக்கும். அந்த அக்கா அதுக்கப்புறம் ஒரு வாரம்கூட சேமிப்பு தவறவிடலை, எங்ககிட்ட ஒரு வார்த்தை கோபமாவும் பேசலை. அதுதான் எனக்கு உறுத்துது. அவங்களைக் கேட்டுட்டுத்தான் இதை மேடையில் சொல்றேன். "பேர் மட்டும் வேணாம்"னாங்க.

ஆம்பளை மாஸ்டர் என்கிற பயம் பொய்யான பயம் இல்லை, அதையும் சொல்லிடறேன். நானும் பொண்ணைப் பெத்தவள்தான். அதுக்கு வழி, பிள்ளைங்களோட துணைக்கு ஒரு அம்மாவும் போறது. அந்தப் பஸ் செலவையும் சேர்த்து கடன் கேட்கலாம். டெல்லியில் துலிகா மான்னு ஒருத்தர், அதே பர்மிங்காமில் 78 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் வெள்ளி வாங்கினவர். அப்பா இல்லை. அம்மா போலீஸ் வேலை பார்த்துக்கிட்டு தனியா வளர்த்தாங்க. டூட்டி நேரத்தில் பிள்ளையை எங்கே விடறதுன்னு தெரியாமத்தான் பக்கத்து ஜூடோ வகுப்பில் கொண்டுபோய் சேர்த்தாங்க. அந்த அம்மாவுக்கும் பயம் இருந்திருக்கும்.

அந்த அக்காவுக்கு சின்னப் பொண்ணு ஒண்ணு இருக்கு, ஏழாவது. அதுவும் ஜூடோவுக்குப் போகுது. என் பொண்ணும் அதுவும் சேர்ந்துதான் எங்க வீட்டுப் போர்வையைக் கிழிக்கறாங்க. மாமியார் இப்போ திட்டறதில்லை, பழைய மெத்தை ஒண்ணை எடுத்துக் கொடுத்திருக்காங்க. அடுத்த மாசம் போட்டி இருக்காம். அக்கா கடன் கேட்கலை. இனிமேல் கேட்கவும் மாட்டாங்க.

அதனால் மனுவை நானே எழுதிட்டேன். அவங்க கையெழுத்து போட ஒத்துக்கிட்டாங்க. வரும் வெள்ளிக்கிழமை எங்க குழுக் கூட்டத்தில் வைக்கப் போறேன். தொகை 4,500 ரூபாய், பத்து தவணை. காரணம் என்கிற இடத்தில் "ஜூடோ உடை, போட்டிக்குப் போய் வரும் செலவு, துணைக்குப் போகும் அம்மாவின் பஸ் கட்டணம்"னு உள்ளதை உள்ளபடியே எழுதியிருக்கேன். எங்க குழு உறுப்பினர்கள் பதினோரு பேர் இந்தக் கூட்டத்தில் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்காங்க. எல்லாரும் வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வந்திடுங்க.